மட்டம் என்று பெயர் வைத்த இடம்

காரின் கால்மிதிப் பலகையில் வைத்த தகரப் பேணியில் என் தேயிலைச் சாயத்தண்ணி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. பின்சக்கரப் பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்பக்கம் அரை விரற்கடை இறங்கியிருந்தது. எடுத்துக் குடிக்கப் போனவள் கையை அப்படியே நிறுத்திவிட்டேன்.

பேணி நேராகத்தான் இருக்கிறது. பலகையிலும் கோணலில்லை. அப்படியானால் கோணலாக நிற்பது கார். கார் கோணலாக நின்றால், அதன் வயிற்றுக்குள் இருக்கிற ஒயிலும் இந்தச் சாயத்தண்ணி மாதிரிப் பின்னால் போய்த்தானே குவிந்திருக்கும்? ஒயில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கிற கம்பி இருப்பதோ என்ஜினின் முன்பக்கம்.

நான் சாயத்தண்ணியைக் குடிக்கவே இல்லை. குடித்தால் சாட்சி போய்விடும் என்று தோன்றியது.

கார் என் மச்சானுடையது, அதாவது அக்காவின் புருஷனுடையது. நான் எஸ்.எஸ்.சி. எழுதி முடித்து, டீச்சர் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர்களோடு லயத்தில், வரிசையாகக் கட்டிய ஓரறைக் காம்பராக்களில் ஒன்றில், இருந்தேன். அக்கா கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வராது. முதல் வாரம் அக்காவின் தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டினேன். அடுத்த வாரம் பக்கத்துக் காம்பராக்காரருடைய ரேடியோவைக் கழற்றினேன். அதைப் பூட்ட முடியவில்லை. அதன் பிறகு என்னை யாரும் எதன் பக்கமும் விடாததால் காருக்கு வந்து சேர்ந்தேன்.

உலகச் சண்டைக்கு முந்திய காலத்துக் கறுப்புக் கார் அது. தோட்டத்து டாக்டரையா வைத்திருந்தார். அவர் மாற்றலாகிப் போகும்போது மச்சான் வாங்கினார். மச்சான் அதுவரை ஃபெக்டரியில் வேலை செய்தவர். லொறியில் கொழுந்து ஏற்றப் போய், அப்படியே ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்திருந்தார். கார் கைக்கு வந்த வாரமே தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவிடம் போய், செக்ரோலில் தன் பேரை வெட்டிவிடச் சொன்னார். தோட்டத்து ஆட்கள் எல்லாருடைய பேரும் இருக்கிற புத்தகம் அது. அதில் பேர் இருந்தால்தான் வேலை. யாரும் தானாகப் போய் வெட்டச் சொல்வதில்லை. கண்டாக்கையா பேனாவை எடுத்துக் கோடு இழுத்துக்கொண்டே சொன்னாராம், "ஓடு, ஓடு. கார் நிக்கிற அன்னிக்கு இந்தப் படிக்குத்தான் வரணும்." காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்த அத்தனை ஆளும் கேட்டுக்கொண்டு நின்றார்களாம். மச்சான் அதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடிக்கடி சொன்னார்.

தலவாக்கலை ஸ்டேஷன் முன்னால் காரை நிறுத்தி ஹயருக்கு ஓட ஆரம்பித்தார். கல்யாணம், ஆஸ்பத்திரி, இறம்பொடைக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதம் போயிருக்கும். கார் ஒயில் ஒழுக ஆரம்பித்தது. முதலில் காலையில் காருக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டு. பிறகு பொட்டு ரொட்டி அளவாயிற்று. பிறகு ஏற்றத்தில் நீலப் புகை. நேர்த்திக்கடனுக்குப் போன ஒரு குடும்பம் பாதி வழியில் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி நடந்தது.

டாக்டரையாவிடம் இருந்தவரைக்கும் ஒரு சொட்டுச் சிந்தாத கார். அதனால் லயத்தில் எல்லாரும் கண்ணு பட்டதாகவே முடிவு கட்டினார்கள். அக்கா எலுமிச்சம்பழம் கட்டினாள். மச்சான் அட்டனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பாஸ் கீழே படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்து, என்ஜினும் கியர் பொக்ஸும் சேருகிற இடத்தில் ஒழுகுகிறது, உள்ளே தேய்ந்துபோயிருக்கும், என்ஜினையே இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். என்ஜினை இறக்குகிற செலவு எங்களால் முடியாது. அதற்குப் பதில், பாகம் பாகமாகக் கழற்றி விற்கிற ஒரு சிங்கள மாத்தயா அட்டனில் இருக்கிறார், அவர் சனிக்கிழமை வந்து பார்த்து எடுத்துக்கொள்வார் என்று ஏற்பாடாயிற்று.

நான் விடவில்லை. கராஜ் பாஸ் டோர்ச் அடித்துப் பார்த்தார், நான் பவுடர் போட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். புதன்கிழமை என்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெயில் துடைத்து, காயவைத்து, அக்காவின் முகப் பவுடரை ஒரு டின் முழுக்க அதன்மேல் தட்டினேன். காரை ஓடவிட்டால் ஒயில் எந்த வழியாக வருகிறதோ அந்த இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் கணக்கு. பக்கத்துக் காம்பரா அக்கா வாசல் இஸ்தோப்பில் நின்று பார்த்தாள். "சனிக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு சொன்னாங்க. காருக்குத்தானா?" என்று கேட்டாள்.

பவுடர் காட்டிக்கொடுக்கத்தான் செய்தது. மேலே எங்கேயும் நனையவில்லை. மூடி, பக்கவாட்டு, குழாய், எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. நனைந்தது ஒரே ஓர் இடம்: அடியில், என்ஜினும் கியர் பொக்ஸும் சேருகிற மூட்டு. கராஜ் பாஸ் சொன்னது சரிதான் என்று அக்காவின் பவுடரைச் செலவழித்து நிரூபித்துவிட்டேன். அக்கா பவுடர் டின்னைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டுப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

மச்சான் அன்று சாயங்காலம் காரின் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த முருகன் படத்தை நகத்தால் மெல்லக் கிளப்பி எடுத்தார். கிழியாமல் எடுக்க வெகுநேரம் பிடித்தது. எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கண்டாக்கையா படியேறிக் கேக்கிறது கூட ஒண்ணுமில்ல. அவர் இல்லைன்னு சொல்லமாட்டாரு. பேர் எழுதுற வரைக்கும் எல்லாரும் பார்த்துக்கிட்டு நிப்பாங்க பாரு, அதுதான்."

மறுநாள் வியாழன் காலையில்தான், அக்கா மலைக்குப் போன பிறகு, அந்தக் கால்மிதிப் பலகையில் பேணியை வைத்தேன்.

ஓடிப்போய் மச்சானைக் கூப்பிட்டேன். அவர் முகத்தில் பாதிச் சவரத்தோடு வந்தார். பேணியைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சாயத்தண்ணி. ஆறிப்போச்சு," என்றார்.

"எந்தப் பக்கம் கூட இருக்குன்னு பாருங்க மச்சான்."

பார்த்தார். நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். கார் மேட்டைப் பார்த்து நிற்கிறது, மூக்கு மேலே, ஒயில் எல்லாம் பின்னால் ஓடியிருக்கும், முன்னால் இருக்கிற கம்பியில் கொஞ்சமாகத்தான் ஒட்டும், குறைந்துவிட்டது என்று நீங்கள் ஊற்றுகிறீர்கள், நாளைக்கும் குறைவாகத்தான் காட்டும், நாளைக்கும் ஊற்றுகிறீர்கள். ஒழுகுவதால் குறைகிறது என்று நினைத்தோம். குறையவே இல்லை, கூடிப்போய் ஒழுகுகிறது.

அவர் சவர நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே யோசித்தார். பிறகு எனக்காக இரக்கப்படுகிற குரலில் சொன்னார். "மட்டமான எடத்துலதான் பார்க்கணும்னு நீதானே புஸ்தகத்தைப் படிச்சுச் சொன்னே, டீச்சரம்மா? இது மட்டம்தானே."

அங்கேதான் விஷயம் இருந்தது. காரோடு ஒரு கைப்புத்தகம் வந்தது, முழுக்க இங்கிலீஷ். மச்சானுக்கு நான்தான் உரக்கப் படித்து அர்த்தம் சொன்னேன். தினமும் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, காரை மட்டமான தரையில் நிறுத்தி ஒயில் பார்க்க வேண்டும். இதைப் படித்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக் காரைப் பார்த்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. அது மட்டத்தில்தான் நின்றது. இரண்டு பேருக்கும் திருப்தி.

எங்கள் லயத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு முழ அகலத்தில் ஓர் இடம் உண்டு. அதற்குப் பேரே மட்டம். கல்யாணப் பந்தல் போடுவது மட்டத்தில், காமன் கூத்து ஆடுவது மட்டத்தில், விறகு பிளப்பது மட்டத்தில். "புள்ள எங்க?" என்று கேட்டால் "மட்டத்துல வெளையாடுது" என்பார்கள். சுற்றிலும் இருக்கிற மற்ற நிலம் சுவர் மாதிரி நிற்பதால், அதைவிடக் கொஞ்சம் சாய்வு குறைந்த அந்த இடம் எங்களுக்கு மட்டம். பிள்ளைகள் அங்கே போளைக் குண்டு விளையாடும்போது ஒருத்தன் எப்போதும் கீழே தண்ணிக் கானோரம் நிற்பான், உருண்டுவருகிற போளையைப் பிடிக்க. அது ஆட்டத்தின் விதி என்று நான்கூட நினைத்திருக்கிறேன். டாக்டரையாவின் பங்களாவிலோ கார் நிற்க சிமெந்துத் தரை இருந்தது.

மச்சான் குனிந்து ஒரு சிறு உருண்டைக் கல்லைத் தேடி எடுத்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து விரலை எடுத்தார். கல் கொஞ்சம் யோசித்துவிட்டு உருண்டது. பின்சக்கரத்தைத் தாண்டிக் கானுக்குள் விழுந்தது.

"அட, மட்டமே," என்று அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த கேள்வி, நிஜமான மட்டம் எங்கே இருக்கிறது? ஸ்டேஷன் முன்னால் இருக்கிறது. ஆனால் காரில் அந்தப் புகையோடு அவ்வளவு தூரம் போக மச்சானுக்கு மனமில்லை. துரை பங்களாவில் டென்னிஸ் விளையாடுகிற இடம் மட்டம். அதைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தோம். பகல் சாப்பாட்டுக்கு அக்கா வந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கும் முன்பே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"மழை பேஞ்சா தண்ணி ஓடாம எங்க நிக்குதோ அதுதான் மட்டம்," என்றாள். "ஃபெக்டரி முன்னால லொறி நிக்கிற எடத்துல ரெண்டு நாளைக்கு நிக்கும். கொழுந்து கொண்டுபோறப்ப என் கால்தானே நனையுது."

பிறகு புருஷனைப் பார்த்து, "ஏங்க, இந்தப் புள்ள பவுடரைத் தட்டுனப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. இது சரியா இருந்தா விட்டுர்றேன்," என்றாள்.

ஃபெக்டரி முற்றத்துக்கு டீமேக்கர் ஐயாவிடம் கேட்க வேண்டும். மச்சானின் பழைய மேலதிகாரி அவர். வேலையை விட்ட பிறகு மச்சான் அந்தப் பக்கமே போனதில்லை. வாசலில் நின்று தலையைச் சொறிந்து, ஒரு மணி நேரம் காரை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். எதற்கு என்று அவர் கேட்க, ஒயில் பார்க்க என்று இவர் சொல்ல, "ஒயில் பார்க்க ஃபெக்டரி எதுக்கு?" என்று அவர் கேட்க, மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேணியோடு முன்னால் போய் விளக்கினேன். டீமேக்கர் ஐயா கடைசி வரை கேட்டார். லொறி நாலு மணிக்குத்தான் வரும், அதற்குள் முடித்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் போகவில்லை, அங்கேயே நின்றார்.

காரை முற்றத்தில் நிறுத்தினோம். பேணியில் தண்ணீர் ஊற்றிக் கால்மிதிப் பலகையில் வைத்தேன். நாலு பக்கமும் ஒரே அளவில் நின்றது. அரை மணி நேரம் காத்திருந்தோம், உள்ளேயிருக்கிற ஒயிலெல்லாம் இறங்கித் தங்குவதற்காக. அந்த அரை மணி நேரமும் நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இதுவும் பவுடர் மாதிரி ஆகிவிட்டால்? இன்னொருமுறை அந்தக் கராஜ் பாஸ் சொன்னது சரி என்று நானே நிரூபித்துவிட்டால்? சனிக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது.

மச்சான் பொனட்டைத் தூக்கி, கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு, மெதுவாக வெளியே எடுத்தார். கம்பியில் இரண்டு கோடு இருக்கும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் ஒயில் நிற்க வேண்டும். மேல்கோட்டைக் காணவில்லை. அதற்கும் மேலே நாலு விரல் தூரத்துக்குக் கம்பி கறுப்பாகப் பளபளத்தது.

டீமேக்கர் ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம லொறிக்கு ஒயில் தீர்ந்தா இங்க வந்து கறந்துக்கலாம் போலிருக்கே," என்றார்.

மச்சான் கம்பியைக் கையில் பிடித்தபடி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. காரின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தினமும் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, அந்தக் கையோடு ஒயில் ஊற்றியவர் அவர். ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. கராஜிலும் யாரும் கம்பியை உருவிப் பார்க்கவில்லை. ஒழுகுகிற காரில் ஒயில் குறைந்திருக்கும், கூடியிருக்குமென்று யாருக்குத் தோன்றும்? உள்ளே இடமில்லாமல், இருக்கிற ஒரு சின்ன வழியில் அது பிதுங்கி வெளியே வந்துகொண்டிருந்தது, பாவம்.

"தப்பு என்னோடது மச்சான்," என்றேன். "நான்தான் மட்டமான எடம்னு படிச்சுச் சொன்னேன்."

"நீ மட்டமான எடம்னு படிச்சே. நான் மட்டத்துல நிறுத்தினேன். ரெண்டு பேரும் சொன்னபடிதானே செஞ்சோம்," என்றார்.

காருக்கு அடியில் படுத்து, ஒயில் தொட்டியின் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, மண்ணெண்ணெய் டின்னில் பிடித்தார். மூடினார், கம்பி பார்த்தோம், இன்னும் கூட. மறுபடி தளர்த்தினார். மூன்றாம் முறை மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. டின் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. லொறி வரும் சத்தம் கேட்டதும் கிளம்பிவிட்டோம்.

லயத்துக்குத் திரும்பாமல் மச்சான் காரை மெயின் ரோட்டுக்கு விட்டு, லிந்துலை தாண்டி ஏற்றத்தில் ஏற்றினார். நான் பின் கண்ணாடி வழியாகப் புகையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் வளைவில் இருந்தது. ஐந்தாறு வளைவு தாண்டியதும் மெலிந்தது. ஒரு தேயிலை மலையின் செங்குத்தான ஏற்றத்தில், வழக்கமாகப் புகை ஊரையே மறைக்கிற இடத்தில், பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கத்திச் சொன்னேன். மச்சான் ஒரு கையால் சட்டைப் பையிலிருந்து முருகன் படத்தை எடுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் சாய்த்து வைத்தார்.

அன்று காரை மட்டத்தில் திருப்பி, ஒயில் அந்த மூட்டுப் பக்கம் ஓடாமல் மூக்குக் கீழே பார்க்க நிறுத்திவிட்டு, அடியில் பழைய பேப்பரை விரித்தோம். வெள்ளிக்கிழமை காலையில் பேப்பரில் மூன்று சொட்டு. ரொட்டி அளவு இல்லை, குங்குமப் பொட்டு அளவு. அக்கா அந்தப் பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பழைய காருக்கு இருக்க வேண்டியதுதான்," என்றாள், ஏதோ நாற்பது கார் வளர்த்தவள் மாதிரி.

சனிக்கிழமை மாத்தயா பஸ்ஸில் வந்து, மேட்டில் மூச்சு வாங்க ஏறி லயத்துக்கு வந்தார். பக்கத்துக் காம்பரா அக்கா மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு என்று உள்ளே குரல் கொடுத்தாள். மச்சான் அவரை இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, வீணாக அலையவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அட்டனுக்கு அவரை அதே காரில் கொண்டுபோய் விட்டார். பாதி வழியில், "ஹொந்தாய், ஹொந்தாய், நல்லா ஓடுது. ஏன் விக்கணும்?" என்று அவரே கேட்டாராம். திரும்பி வரும்போது மச்சான் அட்டனிலிருந்து ஒரு பவுடர் டின் வாங்கிவந்தார். அக்காவிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்து, கொடுக்கச் சொன்னார்.

பெரட்டுப் படியைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதையில் கண்டாக்கையா எதிரில் வந்தபோது மச்சான் காரை ஓரமாக நிறுத்தி, எங்கேயாவது போகணுமா என்று கேட்டாராம். அவர் ஏறவில்லை. ஆனால் கேட்டது மச்சானுக்குப் போதும்.

இப்போது என் மூளையில் ஓடுவது வேறு. தினமும் காலையில் ஒயில் பார்க்க ஃபெக்டரிக்கு ஓட முடியுமா? டீமேக்கர் ஐயா எத்தனை நாள் விடுவார்? அதனால் இப்படி யோசித்திருக்கிறேன். ஃபெக்டரி முற்றத்தில் நிறுத்தி, ஒயிலைச் சரியாக மேல்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே காரை மட்டத்துக்குக் கொண்டுவந்து, நாலு சக்கரத்துக்கும் நாலு கல் அடையாளம் வைத்து, எப்போதும் அதே இடத்தில், மூக்குக் கீழே பார்க்க நிறுத்தி, ஒயில் இறங்கும்வரை காத்திருந்து கம்பியை எடுக்க வேண்டும். ஒயில் இப்போது முன்னால் குவிந்திருக்கும், கம்பியில் எங்கேயோ மேலே காட்டும். எங்கே காட்டுகிறதோ அங்கே அரத்தால் ஒரு புதுக் கோடு. கைப்புத்தகக்காரனுக்கு அவன் ஊர்க் கோடு, எங்களுக்கு மட்டத்துக் கோடு.

கம்பியில் அரம் வைப்பதை மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ரேடியோவை ஞாபகப்படுத்துகிறார். அக்கா ஒத்துக்கொண்டாள். ஃபெக்டரி ஃபிட்டரிடம் அரம் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் காலையில் பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கும் முன்னால் காரை ஃபெக்டரிக்கு இறக்குகிறோம்.